புள்ளியில் தொடங்கும் கோப்பு

விம் என்ற உரைத்தொகுப்பியை நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்டார். நிரல் எழுதுவோர் பலர் இன்றும் அதை விடுவதாயில்லை. காரணம், விம்ஆர்சி என்னும் சாதாரண உரைக்கோப்பு. அதில் ‘செட் நம்பர்’ என்று எழுதிச் சேமித்தால், அடுத்த முறை விம்மைத் திறக்கும்போதே எல்லா வரிகளுக்கும் எண் வந்துவிடும். நிறம், உள்தள்ளல், குறுக்குவிசை எல்லாம் இப்படித்தான். ஒரு வசதி தற்காலிகமாக வேண்டாமா? வரியின் தொடக்கத்தில் இரட்டை மேற்கோள் குறி ஒன்றை இடுங்கள். விம் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. புதுக் கணினிக்கு மாறினாலும் கோப்பை நகலெடுத்தால் போதும். ஆனால், லினக்ஸில் அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் வழக்கமான பட்டியலில் தென்படாது. புதியவர்கள் திணறுவது இங்கேதான். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையோடு ‘மைனஸ் ஏ’ சேர்த்துப் பாருங்கள், அகப்படும்.