400 பிரதி எடுக்கணுமா? பிரிண்ட் கொடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு!

குடியிருப்போர் நலச்சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு, பள்ளி மேலாண்மைக் குழு, சின்ன அலுவலகம் என எங்கே போனாலும் மேசை ஓரத்தில் ஒரு லேசர் பிரிண்டர் இருக்கிறது. பொதுக்குழு அறிவிப்பு, வரவு செலவு அறிக்கை, உறுப்பினர் படிவம் என்று எதையாவது நூற்றுக்கணக்கில் எடுக்க வேண்டி வந்தால், உடனே ஒரு குரல் கேட்கும்: "நம்மகிட்டதான் பிரிண்டர் இருக்கே, வெளியில எதுக்குக் காசு கொடுக்கணும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் செலவாகப் போவது உறுப்பினர்கள் மாதாமாதம் கொடுத்த சந்தாப் பணம். அதனால் பதிலை அனுமானமாகச் சொல்லாமல் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். செல்போனில் உள்ள கால்குலேட்டர் போதும்.

ஒரு பக்கத்துக்கு உண்மையில் எவ்வளவு?

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 400 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வரவு செலவு அறிக்கையோடு சேர்த்து 4 பக்க அறிவிப்பு. மொத்தம் 1,600 பக்கம்.

பெரும்பாலும் நாம் பேப்பர் விலையை மட்டும்தான் பார்க்கிறோம். 500 தாள் கொண்ட ஒரு ரீம் 300 ரூபாய் என்றால் ஒரு தாள் 60 பைசா. 1,600 தாளுக்கு 960 ரூபாய். "ஆயிரம் ரூபாய்கூட ஆகலையே" என்று தோன்றும்.

இப்போது மற்ற செலவுகளையும் சேர்ப்போம். கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் பில்லில் உள்ள தொகையைப் போட்டு, உங்கள் கணக்கை நீங்களே செய்துகொள்ளலாம்.

• டோனர்: கார்ட்ரிட்ஜ் விலை 2,400 ரூபாய், பெட்டியில் போட்டிருப்பது 1,500 பக்கம். ஒரு பக்கத்துக்கு 1.60 ரூபாய்.
• பேப்பர்: 60 பைசா.
• டிரம்: 3,600 ரூபாய், 12,000 பக்கம் வரை உழைக்கும். ஒரு பக்கத்துக்கு 30 பைசா.
• பிரிண்டரின் தேய்மானம்: 15,000 ரூபாய் இயந்திரம் 30,000 பக்கம் உழைத்தால், ஒரு பக்கத்துக்கு 50 பைசா.

கூட்டினால் ஒரு பக்கம் 3 ரூபாய். 1,600 பக்கத்துக்கு 4,800 ரூபாய்! முதலில் நினைத்த 960 ரூபாயைப் போல 5 மடங்கு. அந்த ஒரே அறிவிப்புக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் முழுசாகத் தீர்ந்து, 100 பக்கம் பாக்கியும் நிற்கும்.

மின்சாரம்? அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். 500 வாட் இழுக்கும் பிரிண்டர் நிமிடத்துக்கு 20 பக்கம் அடித்தால், 1,600 பக்கத்துக்கு 80 நிமிடம். ஒரு யூனிட்கூட ஆகாது.

400வது பிரதியும் ஏன் விலை குறைவதில்லை?

"நிறைய எடுத்தால் ஒரு பிரதியின் விலை குறையும்" என்பது அச்சகத்தில் சரி. லேசர் பிரிண்டரில் அப்படி இல்லை. காரணம், அது வேலை செய்யும் விதம்.

லேசர் பிரிண்டருக்குள் ஓர் உருளை இருக்கிறது. அதுதான் டிரம். முதலில் அதன்மேல் நிலைமின்சாரம் ஏற்றப்படும். அடுத்து லேசர் ஒளி பக்கத்தின் வடிவத்தை அதில் வரையும். வரைந்த இடத்தில் மட்டும் டோனர் ஒட்டிக்கொள்ளும். டோனர் என்பது மை அல்ல, மிக நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. அது தாளுக்கு மாறி, சூடான உருளைக்குள் போகும்போது உருகித் தாளோடு ஒட்டிவிடும். பிரிண்ட் வெளியே வரும்போது தாள் சூடாக இருப்பது இதனால்தான்.

ஒவ்வொரு தாளுக்கும் இந்த வேலை முழுவதும் திரும்ப நடக்கிறது. முதல் பிரதிக்கு எவ்வளவு டோனரோ, 400வது பிரதிக்கும் அவ்வளவேதான்.

சிலர் ஒன்றை மட்டும் பிரிண்ட் எடுத்து, அதே இயந்திரத்தின் மேல் வைத்து மீதியை 'காப்பி' போடுவார்கள். அது மலிவு என்று ஒரு நம்பிக்கை. 1938ல் அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் கண்டுபிடித்த ஜெராக்ஸ் முறைதான் லேசர் பிரிண்டருக்கும் அடிப்படை. அதனால் ஒரே இயந்திரத்தில் பிரிண்ட் எடுத்தாலும் காப்பி எடுத்தாலும் டோனர் செலவு ஒன்றுதான்.

பெட்டியில் போட்டிருக்கும் 1,500 பக்கம் நிஜமா?

நிஜம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. கருப்பு டோனரின் பக்க எண்ணிக்கையை அளக்க ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 19752 என்ற சர்வதேசத் தரமுறை இருக்கிறது. பொதுவாக இந்த எண்ணிக்கையை, தாளின் பரப்பில் சுமார் 5% மட்டும் கருப்பு இருக்கும் பக்கத்துக்கானது என்று எடுத்துக்கொள்ளலாம். அதாவது, சாதாரண எழுத்து, நிறைய வெள்ளை இடம்.

நம் அறிவிப்பில் என்ன இருக்கும்? மேலே கருப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் தலைப்பு, பெரிய சின்னம், தடித்த எழுத்து, ஒரு போட்டோ. கருப்பு 20% ஆனால் டோனர் 4 மடங்கு. 1,500 பக்க கார்ட்ரிட்ஜ் 375 பக்கத்தில் காலி! பக்கத்துக்கு 1.60 ரூபாய் என்பது 6.40 ரூபாய் ஆகிவிடும்.

இன்னொன்று: புது பிரிண்டரோடு வரும் கார்ட்ரிட்ஜில் பல மாடல்களில் டோனர் குறைவாகவே இருக்கும். "வாங்கி ஒரு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள தீர்ந்துடுச்சு" என்று புலம்ப வேண்டி வருவது இதனால்தான். வாங்கும்போதே கடையில் கேட்டுவிடுங்கள். கூடவே 'பரிந்துரைக்கப்படும் மாத அளவு' எத்தனை பக்கம் என்றும் பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் 'டியூட்டி சைக்கிள்' இயந்திரத்தின் உச்ச வரம்பு. மாதாமாதம் அந்த அளவுக்கு ஓட்டினால் பழுது சீக்கிரம் வரும்.

வெளியில் எடுத்தால் எவ்வளவு?

ஜெராக்ஸ் கடையின் பெரிய இயந்திரத்தில் டோனர் பெரிய அளவில் நிரப்பப்படுகிறது. பாகங்களும் அதிகப் பக்கங்களுக்கு உழைக்கும். அதனால்தான் பேப்பரையும் சேர்த்து நம்மைவிடக் குறைவாக அவர்களால் தர முடிகிறது. மொத்தமாக எடுப்பதற்குப் பக்கம் 1 ரூபாய் என்று சொன்னால், நம் 1,600 பக்கம் 1,600 ரூபாய்.

அடுத்தது டிஜிட்டல் டூப்ளிகேட்டர். 'ரிசோ' என்று கேட்டால் அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு 'மாஸ்டர்' போட்டுவிட்டால், நிமிடத்துக்கு 100 பிரதிக்கு மேல் ஓடும். மாஸ்டருக்கு ஒரு தொகை, அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கொஞ்சம் மை, அவ்வளவுதான். இங்கேதான் "நிறைய எடுத்தால் மலிவு" உண்மையாகிறது.

எத்தனை பிரதிக்கு மேல் இது லாபம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: மாஸ்டர் கட்டணத்தை, ஒரு பிரதியில் கிடைக்கும் மிச்சத்தால் வகுங்கள். மாஸ்டர் 60 ரூபாய், பிரதிக்கு 40 பைசா, பேப்பர் நம்முடையது என்று வைத்துக்கொள்வோம். நம் லேசரில் பேப்பர் இல்லாமல் 2.40 ரூபாய். ஒரு பிரதியில் மிச்சம் 2 ரூபாய். 60-ஐ 2-ஆல் வகுத்தால் 30. ஆக, 30 பிரதி வரை நம் லேசரே போதும். அதைத் தாண்டினால் டூப்ளிகேட்டர் மலிவு.

அதே 400 வீட்டுக் கணக்கை வரிசையாகப் பார்ப்போம்:

• சொந்த லேசர், தாளின் ஒரு பக்கம் மட்டும்: 4,800 ரூபாய்
• சொந்த லேசர், இருபுறமும்: 4,320 ரூபாய்
• ஜெராக்ஸ் கடை: 1,600 ரூபாய்
• டூப்ளிகேட்டர், இருபுறமும் (பேப்பர் சேர்த்து): 1,360 ரூபாய்

இருபுறமும் அடித்தால் பாதிச் செலவு மிச்சம் என்று பலர் நினைப்பதுண்டு. மிச்சமாவது பேப்பர் மட்டும்தான், டோனர் அல்ல. அதனால்தான் 480 ரூபாய் மட்டும் குறைகிறது.

அப்போ சொந்த பிரிண்டர் எதுக்கு?

அவசரத்துக்கு, 20, 30 பிரதிக்கு, ஒவ்வொரு தாளிலும் வேறு வேறு பெயர் வர வேண்டிய கடிதத்துக்கு, வெளியில் போகக் கூடாத ஆவணத்துக்கு. உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண், ஆதார் விவரம் உள்ள பட்டியலை நாலு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஆதார் நகல் கட்டாயம் தேவைப்பட்டால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' ஏற்கப்படுமா என்று முதலில் கேளுங்கள்.

சொந்த பிரிண்டரில் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பிழை பாருங்கள். தேதி தப்பாகப் போன 400 பிரதியைவிடப் பெரிய செலவு வேறில்லை.
• கருப்புப் பட்டைகளை எடுத்துவிடுங்கள். தலைப்புக்குத் தடித்த எழுத்தே போதும்.
• உள்சுற்றுக்கான பிரதிகளுக்கு 'டோனர் சேவ்' அமைப்பைப் போடுங்கள்.
• டோனர் குறைவு என்று செய்தி வந்ததும் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போடாதீர்கள். பல பிரிண்டர்களில் அது முன்னெச்சரிக்கைதான். எழுத்து மங்கும் வரை ஓட்டலாம்.
• ரீஃபில் செய்தால் முதல் சில பக்கங்களை விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் மொத்த வேலையையும் தொடங்காதீர்கள். பிரிண்டருக்கு வாரண்டி இருக்கும்போது ரீஃபில் செய்யலாமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.
• பேப்பர் கட்டைப் பிரித்தபடி ஈரக்காற்றில் வைக்காதீர்கள். தாள் சிக்கிக் கிழிவதும் செலவுதான்.
• தீர்ந்த கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடக் கூடாது. மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022ன் பட்டியலில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் இருக்கிறது.

பெரிய மிச்சம் எங்கே?

எண்ணிக்கையில். நம் உதாரணத்தில் 400 வீட்டுக்கும் ஒரு பக்க அறிவிப்பை மட்டும் கொடுத்து, மீதி 3 பக்க வரவு செலவு அறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். ஆகப் போடலாம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், தாளில்தான் வேண்டும் என்பவர்கள் 60 வீடு என்றால் அவர்களுக்கு மட்டும் முழுப் பிரதி. மொத்தம் 580 பக்கம். சொந்த லேசரிலேயே 1,740 ரூபாய், கடையில் 580 ரூபாய்.

இதில் அந்த 60 வீடு முக்கியம். "எல்லாம் குரூப்ல போட்டாச்சே" என்று சொல்லிவிட்டால், போன் பயன்படுத்தாத பெரியவர்களுக்குச் சங்கத்தின் கணக்கு தெரியாமலே போய்விடும். செலவைக் குறைக்கிறோம் என்று யாரையும் விட்டுவிடக் கூடாது. எல்லா உறுப்பினருக்கும் அச்சுப் பிரதி தர வேண்டும் என்று சங்கத்தின் துணைவிதியில் இருந்தால், அதன்படிதான் நடக்க வேண்டும்.

நமக்கு நகல் தேவைப்படும்போது

இதே கணக்கு அரசு அலுவலகத்தில் நகல் வாங்கும்போதும் உதவும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005ன் கீழ் கேட்கும் ஆவணங்களுக்குத் தமிழ்நாட்டில் ஏ4 அல்லது ஏ3 அளவில் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டணம். 300 பக்கக் கோப்பு முழுவதையும் கேட்டால் 600 ரூபாய். முதலில் கோப்பை நேரில் பார்வையிடக் கேட்டு, தேவையான பக்கங்களுக்கு மட்டும் நகல் வாங்கலாம். பார்வையிடுவதும் அதே சட்டம் தரும் உரிமைதான். கணினியில் உள்ள தகவலை மின்னணு வடிவில் கேட்கவும் வழி இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. சட்டம் சொல்லும் காலக்கெடுவுக்குள் தகவல் தரப்படாவிட்டால், அதன்பின் அதை இலவசமாகவே தர வேண்டும்.

சான்றிதழ்களுக்கும் இப்படித்தான். டிஜிலாக்கரில் 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' பகுதியில் இருப்பவை அசல் ஆவணத்துக்குச் சமமானவை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. நாமே போட்டோ எடுத்துப் பதிவேற்றியதற்கு அந்தத் தகுதி கிடையாது. விண்ணப்பத்தோடு வைக்க 10 செட் ஜெராக்ஸ் எடுக்கும் முன், இணையவழியில் ஏற்கிறார்களா, எத்தனை நகல் கட்டாயம் என்று கேட்டுவிடுங்கள்.

ஆக, அடுத்த முறை 'பிரிண்ட்' பொத்தானை அழுத்தும் முன் மூன்று கேள்விகள்: எத்தனை பேருக்குத் தாளாகவே வேண்டும்? நம் பிரிண்டரில் ஒரு பக்கம் எவ்வளவு? வெளியில் எவ்வளவு? விடையைச் சங்கத்தின் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவைத்தால், பொதுக்குழுவில் "அச்சுச் செலவு ஏன் இவ்வளவு?" என்று யார் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்.