ஏலமலை கற்பிக்கும் கூட்டுமுயற்சி

"ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. தேரைச் செய்தவன் ஒரு தச்சனாயிருக்கலாம். அதனை வீதிவலம் செய்வித்து நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பன ஊராரின் கைகளே. புதுமைகளைப்பற்றிப் பேசுங்கால் நாம் இவ்வுண்மையை எளிதில் மறந்துவிடுகின்றோம். நுண்மதி வாய்ந்த ஒருவர் தனித்திருந்து ஒன்றைக் கண்டார், உலகம் அதனை ஏற்றுக்கொண்டது என்றே கதை சொல்லுகின்றோம். ஆயின், நிலத்தையும் நீரையும் காட்டையும் அழியாமற் காத்து, அவற்றின் விளைவைக்கொண்டு வாழ விரும்பும் மக்களுக்கு வேண்டிய புதுமுறைகள், பெரும்பாலும் பல ஸ்தாபனங்கள் ஒன்றுகூடி உழைத்ததனாலேயே நிலைபெற்றிருக்கின்றன. இதனை விளக்குதற்கு நாம் தூரதேசங்களுக்குச் செல்லவேண்டுவதில்லை. மதுரைக்கு மேற்கே, மலையடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூரும் அதற்கு மேலேயுள்ள ஏலமலையும் போதிய சான்றாகும்.

முதலில் இடத்தின் இயல்பை நோக்குவோம். போடி நகரம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. போடிமெட்டுக் கணவாயைக் கடந்தால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். முன்னர்த் திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த அம்மலைகள், 1956-ம் ஆண்டில் மொழிவழியே இராஜ்யங்கள் பிரிக்கப்பட்டபோது கேரளத்தோடு நின்றன. ஏலத்தோட்டங்கள் பெரும்பாலும் மலைமேல். விளைந்த காயைத் தரம்பிரித்து விற்கும் பண்டகசாலைகள் பல மலையின்கீழ். தோட்டக்காரரிலும் வர்த்தகரிலும் தொழிலாளரிலும் திரளானோர் இருபுறமும் வேர்விட்டவர்கள். அன்றியும், குரங்கணிப் பக்கத்து மலைகளில் தோன்றும் கொட்டகுடி ஆறு போடியை அடுத்தோடி வையையிற் சேர்கின்றது. ஆதலால் மேலே மரம் வெட்டப்பட்டாற் கீழே கிணறு வற்றும். எல்லைக்கோடு வரைபடத்திலுண்டு, மழைக்கும் வண்டுக்கும் நோய்க்கும் அக்கோடு தெரியாது.

எல்லை கடந்த உடன்பாடு இப்பகுதிக்குப் புதியதன்று. 1886-ம் ஆண்டில் சென்னை இராஜதானியும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக, பென்னிகுயிக் துரையின் தலைமையில் எழுந்து 1895-ல் முற்றுப்பெற்ற பெரியாற்று அணை, மேற்கே ஓடிய நீரைக் கம்பம் பள்ளத்தாக்கின் வழியாகக் கிழக்கே திருப்பிற்று. அவ்வொப்பந்தத்தைப்பற்றிப் பிற்காலத்தில் எழுந்த வழக்குகளும் பிணக்குகளும் நாமறிந்தவையே. உடன்பாட்டினாற் கட்டப்பட்டது உடன்பாட்டினாலேயே காக்கப்படவும் வேண்டுமென்பது அவற்றால் விளங்கும்.

இனி, ஏலச்செடியின் தேவைகள் யாவை? அது கடல்மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 600 முதல் 1,200 மீட்டர் வரையுள்ள உயரத்தில், ஈரமும் நிழலும் பொருந்திய காட்டினடியில் வளர்வது. வெயில் நேரே படின் கருகும். நிழல் மிகின் காய்க்காது. அதன் மலர் விடியற்காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். மலரினுள் மகரந்தப்பைக்கு மேலாகச் சூல்முடி நீட்டிக்கொண்டிருப்பதால், தேனீ வந்து தீண்டினாலன்றிக் காய் பிடிப்பது அரிது. ஆகவே, ஏலக்காய் என்பது தோட்டக்காரர் ஒருவரின் விளைபொருளன்று. நிழல்மரமும் மழையும் தேனீயும் மனிதனும் கூடிச்செய்யும் பொருள். இக்கூட்டாளிகளுள் ஒருவர் விலகினும் தொழில் குலையும்.

தனித்து நிற்பவர் இங்கு எவ்வாறு தோற்பாரென்பதற்குக் கட்டே நோய் என்னும் தேமல்நோயே உதாரணமாகும். அது ஒருவகை வைரஸால் உண்டாவது. அசுவினிப்பூச்சி அதனைச் செடிக்குச் செடி சுமந்து செல்லும். நோயுற்ற தூரிலிருந்து பிரித்தெடுத்த கன்றோடும் அது பரவும். நோய்கண்ட தூரைத் தோண்டியெடுத்து அழித்தலே தக்க பரிகாரம். ஒரு தோட்டக்காரர் கண்ணுங்கருத்துமாய் அதனைச் செய்தும், அடுத்த தோட்டத்தார் வாளாவிருப்பின், அவருடைய உழைப்பெல்லாம் வீணாகும். இங்ஙனம், ஒருவர் செய்யும் நன்மையின் பயன் அயலார் செய்வதைப் பொறுத்திருக்குமிடத்தில், சங்கமும் அரசாங்கமும் ஆராய்ச்சிக்கூடமும் கலந்து வேலைசெய்தல் இன்றியமையாததாகின்றது.

இத்தகைய ஸ்தாபனங்கள் மலையில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1956-ம் ஆண்டில் பாம்பாடும்பாறையில் ஏல ஆராய்ச்சி நிலையமொன்று தோன்றிற்று. அது இப்போது கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1965-ல் ஏலக்காய்ச் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டில் ஏலக்காய் வாரியம் ஏற்பட்டது. 1978-ல் மயிலாடும்பாறையில் இந்திய ஏல ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. 1987-ல் பழைய வாரியமும், வாசனைப்பொருள் ஏற்றுமதியை வளர்க்க ஏற்பட்டிருந்த மன்றமும் இணைந்து, கொச்சியைத் தலைமையிடமாகக்கொண்ட நறுமணப்பொருள் வாரியமாயின. விளைவிப்பவரும் விற்பவரும் ஆராய்பவரும் ஒரே மேடையில் அமர்ந்து பேசுதற்கு இவை வழி வகுத்தன.

ஆயின், அறிவு எப்போதும் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து தோட்டத்திற்கு இறங்கிவருவதென்று கொள்ளுதல் பிழையாகும். கட்டப்பனைப் பக்கத்து விவசாயியான செபாஸ்டியன் ஜோசப் என்பவர், தம் தோட்டத்துச் செடிகளுட் சில மற்றவற்றினும் மிகுதியாகக் காய்ப்பதைக் கண்டு, அவற்றைத் தேர்ந்து, தேனீக்களின் உதவியால் நல்ல இனங்கள் கலக்குமாறு செய்து, பல ஆண்டுகள் பொறுமையுடன் சோதித்து ஓர் இனத்தை உருவாக்கினார். தம் குடும்பத்தின் பெயரால் அதற்கு ஞள்ளானி என்று பெயரிட்டார். 1980-களின் பிற்பகுதியிலிருந்து அது மலையெங்கும் பரவி, பழைய இனங்களைவிடப் பன்மடங்கு விளைவு தந்தது. கல்லூரிப் படியேறாத சாமானியரின் கண்டுபிடிப்புகளைத் தேடிப் போற்றுதற்கென்று 2000-ம் ஆண்டில் ஏற்பட்ட தேசியப் புத்தாக்க நிறுவனம் இவரது உழைப்பை உலகறியச் செய்தது. கண்டவர் ஒருவரேயாயினும், கன்று பிரித்துக் கொடுத்துப் பரப்பியவர் அயல்தோட்டத்தார் பலர். பெருமையை நாடறியச் செய்தது வேறொரு ஸ்தாபனம்.

நிற்க. இப்புதுமைக்கு ஒரு நிழற்பக்கமும் உண்டு. மிகுந்த விளைவைத் தரும் செடி மிகுந்த உணவையும் வெளிச்சத்தையும் வேண்டுவது. ஆகவே பல தோட்டங்களில் நிழல்மரங்களின் கிளைகள் அளவுகடந்து கழிக்கப்பட்டன; உரம் பெருகிற்று; பேனும் தண்டுதுளைப்பானும் மிகவே, பூச்சிமருந்தும் மிகுந்தது. மருந்து பூச்சியைக் கொல்லுங்கால் தேனீயையும் கொல்லும். தேனீ குறையின் காய் குறையும். விளைவைப் பெருக்கிய புதுமை, தன்னைத் தாங்கும் வேரையே அரிப்பதாயிற்று. விளைவு ஒன்றையே நோக்கிய முயற்சி எத்துணைச் சிறந்ததாயினும், காட்டைக் காப்பவரும் நீரை நம்பியிருப்பவரும் உண்பவரும் அம்முயற்சியிற் கலந்து பேசாதவரையில், அது நிலைபேறுடையதாகாது.

பரிகாரமும் கூட்டுமுயற்சியிலேயே தோன்றிற்று. ஏலத்தின் வேரை அரிக்கும் வேர்ப்புழுவைக் கொல்லுதற்கு, கண்ணுக்குப் புலனாகாத ஒருவகை நூற்புழுக்களை விஞ்ஞானிகள் பயன்படுத்தலாயினர். இந்நூற்புழு வேர்ப்புழுவினுட் புகுந்து அதனை மாய்க்கும். செடிக்கோ தேனீக்கோ மனிதனுக்கோ தீங்கு செய்யாது. மெழுகுப்பூச்சியின் புழுக்களில் இவற்றை வளர்த்து, ஆராய்ச்சி நிலையத்தார் தோட்டக்காரர்க்கு வழங்குகின்றனர். எனினும், இம்முறை பலிக்கவேண்டின் மண்ணில் ஈரம் வேண்டும். தக்க பருவத்தில் இடவேண்டும். அக்காலத்திற் கடிய மருந்துகளை நிறுத்தவேண்டும். இவற்றை நன்கறிந்தவர் மண்ணோடு பழகும் விவசாயிகள். கூடத்தார் உயிரைக் கொடுக்கின்றனர். தோட்டத்தார் காலத்தையும் இடத்தையும் அறிந்து கொடுக்கின்றனர். இரண்டும் சேர்ந்தபோதே அது புதுமுறையாகின்றது.

இனி விற்பனையைக் கவனிப்போம். ஏலக்காயை ஏலத்தில் விற்பது தமிழர்க்குச் சொல்லின்பமும் தரும் செய்தி. முன்னாட்களில் வாய்மொழியாக விலைகூவி விற்றனர். 2007-ம் ஆண்டில் நறுமணப்பொருள் வாரியம் மின்னணு ஏலமுறையைத் தொடங்கிற்று. தோட்டக்காரர் தம் சரக்கை உரிமம்பெற்ற ஏலதாரரிடம் ஒப்புவிப்பர். மாதிரியைக் கண்டு வர்த்தகர் கணிப்பொறியின் முன்னமர்ந்து விலை கேட்பர். போடியிலும், மலைமேல் புற்றடியிலும் இவ்வேலங்கள் நடைபெறலாயின. வாரியமும் ஏலதாரரும் வர்த்தகரும் விளைவிப்பவரும் ஒரே விதிக்கு உட்பட்டாலன்றி இம்முறை ஒருநாளும் நடவாது.

இவ்வுறவின் வலிமை 2020-ம் ஆண்டிற் சோதிக்கப்பட்டது. கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டு, எல்லைகள் மூடப்பட, ஏலங்கள் நின்றுபோயின. காய் மலைமேல், வாங்குவோர் மலையின்கீழ். பின்னர் ஏலங்கள் தொடங்கியும் போக்குவரத்துத் தடை எளிதில் நீங்கவில்லை. அந்நெருக்கடி தந்த பாடத்தாற் போலும், 2021-ம் ஆண்டின் தொடக்கத்தில் போடியையும் புற்றடியையும் இணையவழியே ஒன்றாக்கி, ஈரிடத்தாரும் ஒரேகாலத்தில் ஏலத்திற் கலந்துகொள்ளும் ஏற்பாட்டை வாரியம் செய்தது. முன்னரே பழகிய நம்பிக்கை இருந்தமையால் இது இயன்றது. ஆபத்து வந்தபின் கூட்டாளியைத் தேடுவது, தீப்பற்றியபின் கிணறு வெட்டுவதையே ஒக்கும்.

விலையின் ஏற்றத்தாழ்வும் சிந்திக்கத்தக்கது. 2018-ம் ஆண்டின் பெருவெள்ளமும் அதன்பின் நேர்ந்த மழைக்குறைவும் மலைத்தோட்டங்களைத் தாக்க, 2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உயர்ந்த ரகம் கிலோவுக்கு ஏழாயிரம் ரூபாய் வரை விலைபோயிற்று. விற்கக் காய் இல்லாதவர்க்கு அவ்விலையாற் பயனென்ன? தன் கையில் விளைவு இல்லாத ஆண்டில் விலை உச்சத்தையடைவதும், விளைவு மிக்க ஆண்டில் விலை வீழ்வதும் சிறு விவசாயிக்குப் பெருந்துன்பம்.

உலகச் சந்தையும் நம்மைச் சும்மா விடுவதில்லை. மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா தேசம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுச் செடியைக் கொண்டுபோய் நட்டு, இன்று ஏல ஏற்றுமதியில் முதன்மை பெற்று நிற்கின்றது. அரபு நாட்டார் காப்பியில் ஏலத்தைப் பெரிதும் விரும்பிச் சேர்ப்பர். ஆயினும் காயில் மருந்தின் எச்சம் இருப்பின் வாங்க மறுப்பர். இவ்வெச்சத்தைத் தனியொரு வர்த்தகரால் நீக்கமுடியாது. ஏனெனில் பண்டகசாலையில் பல தோட்டத்துக் காய்கள் கலந்துவிடுகின்றன. ஒருவர் தெளித்த நஞ்சினால் பலருடைய சரக்கும் பழிக்கப்படும். உணவுத்தரத்தை வரையறுக்கும் சர்வதேச அமைப்பாகிய கோடெக்ஸ் மன்றம், 2013-ம் ஆண்டில் வாசனைப்பொருள்களுக்கென்று தனிக்குழுவை அமைத்து, அதனை நடத்தும் பொறுப்பை இந்தியாவிடம் ஒப்புவித்தது. 2024-ம் ஆண்டின் தொடக்கத்தில் கொச்சியிற் கூடிய அக்குழுவின் ஏழாவது கூட்டம், சிற்றேலத்திற்குரிய தரநிலையை முடிவுசெய்து மேல்மன்றத்திற்கு அனுப்பிற்று. மலைச்சரிவில் நிற்கும் ஒரு தூருக்கும் பல தேசத்தார் கூடும் சபைக்கும் இடையே எத்துணை நெருங்கிய சம்பந்தம் ஏற்பட்டுவிட்டது, காண்மின்.

இதுகாறுங் கூறியவற்றால், ஸ்தாபனங்கள் கூடிவிட்டாற் போதும், எல்லாம் தாமே நலமாகும் என்று நாம் கொள்ளலாகாது. கூட்டம் கூடித் தீர்மானம் நிறைவேற்றிக் கலைவதும் உண்டு. கூட்டுமுயற்சி பலிப்பதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டுமென்பது நம் கருத்து. முதலாவது, அறிந்ததை மறையாது பகிர்தல். நோய் கண்ட தோட்டக்காரர் விலை குறையுமென்றஞ்சி மறைப்பாராயின் நோய் பரவும். இரண்டாவது, செலவையும் நஷ்டத்தையும் பகிர்தல். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோவாகின்றது. அதற்கு விறகு எரிக்கவேண்டியிருக்கிறது. விறகு மிச்சப்படும் உலர்த்தும் அடுப்பைச் சிறு விவசாயி தனித்து வாங்க இயலாது. பலர் கூடி ஒன்றை வைத்துக்கொள்ளக் கூடும். மூன்றாவது, உழைப்பவர் யாவரும் சபையில் இடம்பெறுதல்.

இம்மூன்றாவதே இன்னும் நிறைவேறாதது. போடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து நாள்தோறும் பெண்டிர் பலர் விடியுமுன்னரே ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மலையேறிச் சென்று, மழையிலும் அட்டைக்கடியிலும் குனிந்து காய் பறித்து, இருட்டும்போது திரும்புகின்றனர். தேனீ வந்ததா, புழு விழுந்ததா, காய் உதிர்ந்ததா என்பதை முதன்முதற் காண்பவை அவர்களுடைய கண்களே. மருந்தின் ஆவியை முதலிற் சுவாசிப்பவரும் தொழிலாளரே. ஆயினும், ஆலோசனைச் சபைகளில் அவர்கள் குரல் கேட்பது அரிது. இது நீதிக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. அறிவுக்கும் நேர்ந்த குறை. கண்டவரைக் கேளாத சபை பாதி குருடாகவே முடிவு செய்யும்.

கல்வியுலகத்தாராகிய நமக்கு இதில் யாது கடமை? போடியில் ஏல விவசாயிகளின் சங்கத்தார் தங்கள் பெயரால் ஒரு கல்லூரியையே நிறுவியிருக்கின்றனர். தோட்டம் கல்லூரியை ஆதரித்தது. கல்லூரி தோட்டத்திற்குக் கைம்மாறு செய்தல் வேண்டாமா? விலங்கியல் மாணாக்கர் ஒரு பருவம் முழுவதும் மலர்களில் வந்து தங்கும் தேனீக்களை எண்ணிக் குறிக்கலாம். தாவரவியல் மாணாக்கர் நிழல்மரங்களின் வகைகளைக் கணக்கெடுக்கலாம். பொருளாதாரம் பயில்வோர் பறிப்புக்கூலியையும் ஏலவிலையையும் ஒப்பிட்டு ஆராயலாம். தமிழ் பயில்வோர் தொழிலாளரிடம் வழங்கும் தோட்டச்சொற்களையும் அனுபவமொழிகளையும் திரட்டலாம். பல ஆண்டுகள் விடாது செய்யின், எந்த ஆராய்ச்சிக்கூடமும் விலைகொடுத்துப் பெறவியலாத செல்வம் அதுவாகும். நம் பழைய மாணவருட் பலர் அரசாங்க அலுவலகங்களிலும் வங்கிகளிலும் வர்த்தகத்திலும் இருக்கின்றனர். இவ்வறிக்கைகள் செல்லவேண்டிய இடத்திற்குச் செல்ல அவர்கள் துணைசெய்யக்கூடும்.

அயலானுக்கு நன்மை செய்தல் அறத்தின் தலைமையான கட்டளையென்று நாம் நாள்தோறும் கேட்டு வருகின்றோம். ஏலமலையிலோ அது பிழைப்பின் நிபந்தனையாகவும் இருக்கின்றது. அயல்தோட்டத்தின் நோய் நம் தோட்டத்தின் நோய். மேல்மலையின் மரம் கீழ்நாட்டின் நீர். இதனை உணர்ந்த ஸ்தாபனங்கள் தத்தம் வேலியைத் தாண்டிக் கைகோக்குமாயின், மலையும் வாழும், மலையை நம்பிய மக்களும் வாழ்வர்.