கிரிவலம் முடிந்தது... கையில் ஒரு 'செட்' மாத்திரை!

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம். வெறுங்கால் நடை. இந்திர லிங்கத்தில் உற்சாகமாக ஆரம்பித்தவர்களுக்கு, குபேர லிங்கம் வருவதற்குள் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். எப்படியோ ஈசான்ய லிங்கத்தையும் தரிசித்துவிட்டு, குடும்பத்தோடு பஸ் பிடித்து வீடு வந்து சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

மறுநாள் காலை... பாட்டிக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. சுகர் உள்ள அப்பாவுக்கு உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து புண். காலேஜ் படிக்கும் பையனுக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலி.

உடனே யாராவது ஒருவர் தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவார். "காய்ச்சல், உடம்பு வலி... மூணு வேளைக்கு செட் போட்டுக் குடுங்க!" சின்னக் காகிதக் கவரில் வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, இரண்டு கலரில் ஒரு கேப்ஸ்யூல். மூன்று பேருக்கும் அதே செட்தான்!

என்ன, உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறதா? அந்தக் கவருக்குள் இருப்பது என்னவென்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

ஒன்று கிருமிக்கு, இன்னொன்று உடம்புக்கு!

நர்சிங் படிக்கும் மாணவிகளுக்கு இந்த மாத்திரைகளைத் தனித்தனிப் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். ஏனென்றால், இரண்டும் செய்யும் வேலையே வேறு.

முதல் வகை, கிருமியை எதிர்ப்பவை. அமாக்சிசிலின், அசித்ரோமைசின், செஃபிக்ஸிம், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இதில் அடங்கும். இவை பாக்டீரியாவைக் கொல்லும் அல்லது பெருகவிடாமல் தடுக்கும். ஆனால் சளி, ஃப்ளூ, டெங்கு, சிக்குன்குனியா இவற்றுக்கெல்லாம் காரணம் வைரஸ். அதன்மீது ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. வலியையும் இவை நேரடியாகக் குறைக்காது.

இரண்டாவது வகை, அழற்சியைத் தணிப்பவை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், மெஃபனமிக் ஆசிட் எல்லாம் இந்த ரகம். அடிபட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கிறதே... அது நம் உடம்பு செய்கிற வேலை. புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பு சுரப்பதால் வருவது. அந்தச் சுரப்பைத்தான் இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் கண்டுபிடித்துச் சொன்னவர் ஜான் வேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. 1982-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் இவரும் ஒருவர்.

சரி, இப்போது வீட்டுக்குள் வருவோம்.

பாட்டியின் முழங்கால்

இங்கே கிருமியே இல்லை. தேய்ந்த மூட்டு, அதிக நடை. அதனால் ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம். ஓய்வு, ஐஸ் ஒத்தடம், தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும்.

"டைக்ளோஃபினாக் போட்டா உடனே கேக்குதே?" என்பீர்கள். கேட்கும்தான். ஆனால் அது தடுக்கிற புராஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரையும் பாதுகாக்கிறது; சிறுநீரகத்துக்கு ரத்தம் சரியாகப் போகவும் உதவுகிறது. அதையும் சேர்த்துத் தடுத்தால்? வயிற்றில் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு வரலாம். ராத்திரி முழுக்க வியர்வை சிந்தி, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் நடந்த வயதானவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பிரஷர் மாத்திரையோ, நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் அதிகம். டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

அப்பாவின் கால் புண்

இவருக்கு வலியே அதிகமில்லை. "ஒண்ணும் இல்லப்பா, சின்னக் கொப்புளம்தான்" என்பார். பயப்பட வேண்டியதே அங்கேதான்! நாள்பட்ட சுகர், காலின் உணர்ச்சியை மழுங்கடித்துவிடும். கொஞ்சநஞ்சம் தெரியும் வலியையும் வலி மாத்திரை போட்டு மறைத்துவிட்டால், புண் உள்ளுக்குள் பரவுவது யாருக்கும் தெரியாது. கடையில் வாங்கிய நாலு கேப்ஸ்யூலும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும்.

புண்ணைச் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். என்ன ஆன்டிபயாடிக், எத்தனை நாள் என்பதை அவர் முடிவு செய்யட்டும். சுற்றிலும் சிவந்து பரவினாலோ, சீழ், நாற்றம், கறுப்பு நிறம், காய்ச்சல் இருந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். காலையே இழக்கும் நிலை இப்படிச் சின்னக் கொப்புளத்தில்தான் ஆரம்பிக்கிறது.

பையனின் காய்ச்சல்

இது டெங்குவாக இருந்தால்? அங்கே வலி மாத்திரை வினையாகிவிடும். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். அதுவும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகவே கூடாது. எடை குறைந்தவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், மது அருந்துகிறவர் ஆகியோருக்கு அளவு இன்னும் குறைவு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள்.

கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் நிறையக் கொடுங்கள். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், மயக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று ஏமாறாதீர்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

இன்னொரு விஷயம். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமிசுலைடு கொடுப்பது நம் நாட்டில் 2011 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது.

கவரில் ஒளிந்திருக்கும் குட்டி மாத்திரை

சில செட்டுகளில் டெக்சாமெதசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டும் இருக்கும். வீக்கம் மாயமாகக் குறையும். உயிர் காக்கும் நல்ல மருந்துதான். ஆனால் சுகரை ஏற்றிவிடும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், உள்ளே இருக்கும் தொற்றை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். டாக்டர் சொன்னால் மட்டுமே சாப்பிட வேண்டியது.

மிச்சம் வைத்த மாத்திரை

பெனிசிலினை 1928-ல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார்: குறைந்த அளவு மருந்தைச் சந்திக்கும் கிருமி, அதை எதிர்த்து வாழக் கற்றுக்கொள்ளும் என்று. அதுதான் இன்று நடக்கிறது. 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் இதற்கென்றே 'சென்னைப் பிரகடனம்' தயாரித்தன. 2014 மார்ச் முதல் முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது, சீட்டு எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது சட்டம். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், சீட்டில்லாமல் வாங்காதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மீதியைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்யாதீர்கள்!

நர்ஸ் சொல்லும் ஐந்து 'சரி'

மருந்து கொடுக்குமுன் நர்ஸ்கள் மனசுக்குள் சரிபார்க்கும் ஐந்து விஷயங்கள் இவை. நீங்களும் பாருங்களேன்.

1. சரியான ஆள்: மாத்திரை யாருக்கு எழுதப்பட்டது? அவருக்கு பெனிசிலின் போன்ற எந்த மருந்தாவது அலர்ஜியா?

2. சரியான மருந்து: கவர் வேண்டாம். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள அட்டையோடு கேளுங்கள்.

3. சரியான அளவு: குழந்தைக்கு எடையைப் பொறுத்துத்தான். பெரியவர் மாத்திரையில் பாதி என்ற கணக்கு தப்பு.

4. சரியான வழி: கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

5. சரியான நேரம்: வலி மாத்திரை என்றால் சாப்பாட்டுக்குப் பின். சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது.

மருந்து சாப்பிட்டதும் முகம் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்த பௌர்ணமிக்கும் சந்தோஷமாகக் கிளம்புங்கள். தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள். அப்பா வெறுங்காலோடு நடக்கலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். திரும்பி வந்ததும் அவர் பாதங்களை நீங்களே ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மூன்று பேருக்கு மூன்று பிரச்னை என்றால், ஒரே கவரில் மூன்றுக்கும் தீர்வு இருக்க முடியாது, இல்லையா?