மீன் முள்ளைத் தட்டில் பதித்த பிக்காசோ!

சாப்பிட்டு முடித்த மீன் முள்ளை என்ன செய்வோம்? பூனைக்குப் போடுவோம். ஓவியர் பிக்காசோ என்ன செய்தார் தெரியுமா? ஈரக் களிமண்ணில் அழுத்தி அச்சு எடுத்து, அதைத் தட்டில் ஒட்டிவிட்டார்!

1957-ம் ஆண்டு, பிரான்சில் கான் நகரில் அவர் வீட்டில் நடந்தது இது. அப்போது அவருக்கு வயசு 75. பக்கத்தில் இருந்து படம் எடுத்தவர் டேவிட் டக்ளஸ் டங்கன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர்.

உலகம் புகழ்ந்த ஓவியர் களிமண்ணில் கை வைத்தது எப்படி?

அணைந்த சூளை

பிரான்சின் தென்கரை ஓரம் வலோரிஸ் என்று ஒரு சின்ன ஊர். தலைமுறை தலைமுறையாகச் சமையல் சட்டி செய்யும் ஊர். அலுமினியப் பாத்திரம் வந்தது. மண் சட்டிக்குக் கிராக்கி போச்சு. (நம்ம ஊர்க் குயவர்களுக்கும் இந்தக் கதை தெரியும்.) பல சூளைகள் அணைந்தன.

1946-ம் ஆண்டு கோடையில் அங்கே நடந்த மண்பாண்டக் கண்காட்சியைப் பார்க்கப் போனார் பிக்காசோ. "மதூரா" பட்டறையை நடத்திய ராமியே தம்பதியுடன் பழக்கம் ஆனது. கை சும்மா இருக்குமா? இரண்டு மூன்று பொம்மை செய்து வைத்துவிட்டு வந்தார். மறு வருஷம் போய்ப் பார்த்தால், பொம்மைகள் சுடப்பட்டுப் பத்திரமாக இருந்தன! அவ்வளவுதான், ஆசை பிடித்துக்கொண்டது. 1948-ல் அந்த ஊரிலேயே குடியேறிவிட்டார்.

கழுத்தை நெரித்தால் புறா!

சக்கரம் சுற்றியது பெரும்பாலும் அவர் இல்லை. ழூல் அகார் என்ற பட்டறைக் குயவர். வனைந்த ஜாடி ஈரம் காயுமுன் பிக்காசோ கையில் எடுப்பார். கழுத்தை நெரிப்பார், வயிற்றை அமுக்குவார்... ஜாடி புறாவாகிவிடும்! இன்னொன்று பெண்ணாகி நிற்கும். உடைந்த சட்டி ஓடு, செங்கல் துண்டு எதையும் விட மாட்டார். அதிலும் ஒரு முகம் எழுதுவார். ஆந்தை, மீன், காளைச் சண்டை எல்லாம் தட்டில் ஏறின. 1950-ல் செய்த ஆட்டுச் சிலைக்கு விலா எலும்பு பிரம்புக் கூடை. மடி இரண்டு மண் ஜாடி!

இப்படிச் சுமார் 4 ஆயிரம் உருப்படிகள். சாதாரண ஆளும் வாங்கட்டும் என்று, பலவற்றை நகல் எடுத்து விற்கப் பட்டறைக்கு அனுமதியும் கொடுத்தார். ஊரில் சூளைகள் மறுபடி புகைந்தன. 1950-ல் வலோரிஸ் அவரைக் கௌரவக் குடிமகன் ஆக்கியது.

பட்டறையில் வேலை பார்த்த ஜாக்குலினை 1961-ல் அதே ஊரில் கல்யாணமும் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு வயசு 79!

1973-ல் பிக்காசோ இறந்தார். சாதாரண ஆளுக்கு என்று விற்ற அந்தத் தட்டுகள் இன்று ஏலத்தில் பல லட்சம் ரூபாய்க்குப் போகின்றன.