மாத்திரை இருக்கப் பயிற்சி எதற்கு?

பைபோலார் கோளாறில் மனநிலை சில காலம் அளவுமீறிய உற்சாகத்தில் பறக்கும். சில காலம் சோர்வில் மூழ்கும். லித்தியம் போன்ற மருந்துகள் இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கின்றன. பிறகு டி.பி.டி. எனும் உளச்சிகிச்சை ஏன்? இடைப்பட்ட காலத்திலும் பலருக்குக் கோபம், பதற்றம், தற்கொலை எண்ணம் எட்டிப்பார்க்கும். அவற்றைச் சமாளிக்கும் திறன் பழகினால்தான் வரும்.

தற்கொலை எண்ணத்தில் தவித்தவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய முறை இது; 1993இல் நூலாக வந்தது. மன விழிப்பு, நெருக்கடியைத் தாங்குதல், உணர்ச்சியைச் சீராக்குதல், உறவாடும் திறன் என நான்கு பயிற்சிகள். உதாரணமாக, கொந்தளிக்கும்போது மூச்சடக்கி முகத்தைக் குளிர்நீரில் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு தணியும். (இதயநோயாளிகள் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.)

பைபோலாருக்கு இது மருந்தின் துணைதான், மாற்று அல்ல. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.