ஆயில் கேனை அன்றே தூக்கிப் போடாதீர்கள்

காஞ்சிபுரத்து ஆட்டோ ஓட்டுநர்களிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஆயில் மாற்றிச் சில வாரங்களில் இன்ஜினில் சத்தம். பிறகு ஒருநாள் கோயில் சவாரியோடு நடுரோட்டில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு வண்டி நிற்கிறது. இன்ஜினைப் பிரித்து ரீபோர் செய்ய ஆயிரக்கணக்கில் செலவு. ஆயில் எங்கே வாங்கியது? மெக்கானிக் வாங்கி வந்தார். பில்? இல்லை. கேன்? அன்றே பழைய பொருள் வாங்குகிறவரிடம் போய்விட்டது. இன்ஜினிலிருந்து இறக்கிய ஆயில்? சாக்கடையில். ஆதாரம் முழுவதையும் தாமே அழித்துவிட்டு, "யாரிடம் போய்ச் சொல்வது?" என்று கேட்கிறார்கள்.

தறிக்காரர்கள் கதை வேறு. தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி கிறீச்சிட்டால் பக்கத்து மெக்கானிக் கடையில் கொஞ்சம் வேஸ்ட் ஆயில் வாங்கி விடுகிறார்கள். அதில் ஒரு சொட்டு பாவில் விழுந்தால் போதும். கரியும் உலோகத் துகளும் கலந்த கறை பட்டை விட்டு லேசில் போகாது. பல நாள் உழைப்பில் நெய்த சேலை அந்த ஒரு சொட்டால் விலை குறைந்துவிடும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வழவழப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயில் என்று நினைக்கிறோம். ஒரு காலத்தில் மாட்டுவண்டி அச்சுக்கு வண்டி மை போதுமானதாக இருந்தது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும் இன்ஜினுக்கு அது போதாது.

கேனுக்குள் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் அடிப்படை எண்ணெய். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசலைப் பிரித்தபின் மிஞ்சும் கனமான பகுதியை வெற்றிடத்தில் மறுபடி காய்ச்சிப் பிரித்து, மெழுகை நீக்கிச் சுத்திகரித்து எடுப்பது அது. சென்னை மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலையிலேயே இது தயாராகிறது. விலை கூடிய செயற்கை ஆயில்களில் அடிப்படை எண்ணெயே வேதிமுறையில் உருவாக்கப்பட்டது. மீதிப் பங்கு சேர்மானங்கள். இரும்பும் இரும்பும் உரசித் தேயாமல் காக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டுப்பொருள், அமிலத்தை முறிக்கும் கால்சியம் உப்புகள், கரித்துகளை ஒட்டவிடாமல் மிதக்கவைக்கும் பொருள், சூட்டில் ஆயில் நீர்த்துப்போகாமல் தாங்கும் பாலிமர், நுரை அடக்கும் சிலிகோன் என்று பட்டியல் நீளும். இந்தச் சிறு பங்குதான் இன்ஜினைக் காப்பாற்றுகிறது. ஓட ஓடத் தீர்ந்துபோவதும் இதுதான்.

அதனால்தான் லூஸ் ஆயிலும் போலி ஆயிலும் ஆபத்து. பழைய ஆயிலைத் தெளியவைத்து, வடிகட்டி, சாயம் சேர்த்துப் பழைய கேனிலேயே அடைத்துவிட்டால் பார்வைக்குப் புதிதாகத்தான் இருக்கும். சேர்மானங்கள் தீர்ந்திருக்கும், அமிலமும் நுண்ணிய உலோகத் தூளும் உள்ளேயே இருக்கும். விரலில் தேய்த்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: புது ஆயில் சீக்கிரம் கறுத்துவிட்டது என்பதாலேயே அது போலி ஆகாது. கரியை இழுத்து வைத்துக்கொள்வது நல்ல ஆயிலின் வேலை. 'கறுத்துவிட்டது' என்ற ஒரே காரணத்தோடு புகார் கொடுத்தால் நிற்காது.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். 20டபிள்யூ-40 என்பதில் முதல் எண் குளிரில் ஆயில் நடந்துகொள்ளும் விதம், இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை. கியர் உள்ள பைக்கில் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்து ஓடுவதால் கேனில் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்க வேண்டும். கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும் தரத்தை மெக்கானிக்கிடம் காட்டிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், பணம் உங்களுடையது.

பொட்டல விதிகளின்படி தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்வதற்கான தொலைபேசி எண் ஆகியவை கேனில் இருந்தே ஆக வேண்டும். இவை இல்லாவிட்டாலும், அழித்து எழுதியிருந்தாலும், விலைக்கு மேல் கேட்டாலும் புகாரைத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் தொழிலாளர் துறையின் கையில் இருப்பது பலருக்குத் தெரியாது. காவல் நிலையத்துக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள்.

பில் வாங்குங்கள். 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு பில் ஆகாது. கடையின் பெயரும், ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை என்றால் அந்த எண்ணும் இருக்க வேண்டும். கேனிலுள்ள பேட்ச் எண்ணையும் உங்கள் வண்டி எண்ணையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மெக்கானிக் வாங்கி வந்தாலும் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். காலிக் கேனை அடுத்த ஆயில் மாற்றும் வரை வீட்டில் வையுங்கள். அதன் பிறகு கத்தியால் கிழித்துவிட்டுப் போடுங்கள், ஏனென்றால் கிழியாத காலிக் கேன்தான் போலிக்காரர்களின் மூலப்பொருள்.

இன்ஜின் கெட்டுவிட்டது, ஆயில்மேல் சந்தேகம் என்றால் உடனே பிரிக்காதீர்கள். இருக்கும் ஆயிலைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் இறக்கி, மூடி ஒட்டி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, மெக்கானிக்கிடமும் இன்னொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதே பேட்ச் கேன் பிரிக்காமல் கிடைத்தால் ஒன்று வாங்கி வையுங்கள். தேய்ந்த பாகங்களைப் படம் எடுத்து, எதனால் சேதம் என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். புகார் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். தன் பெயரில் போலி சரக்கு ஓடுகிறது என்று தெரிந்தால் நிறுவனமே ஆள் அனுப்பிக் கேனைச் சோதிக்க வாய்ப்புண்டு. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆயிலுக்கும் வேலைக்கும் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி மனுவிலேயே கேளுங்கள். ஆணையத்துக்கு அந்த அதிகாரம் உண்டு, சோதனைச் செலவை நீங்கள் முதலில் கட்ட வேண்டியிருக்கும்.

ஆட்டோக்காரர்களும் நெசவாளர்களும் ஒரு வரியை மனுவின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும்: 'சுயதொழில் மூலம் என் பிழைப்புக்காக மட்டும் நானே இதைப் பயன்படுத்துகிறேன்.' வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது எதிர்தரப்பின் முதல் வாதமாக வரும். பிழைப்புக்காகத் தானே உழைக்கிறவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. இதை எழுதாமல் விட்டு வழக்கைப் பலவீனமாக்கிக்கொள்ளாதீர்கள்.

மசகு எண்ணெய்க்கென்றே அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் 1987-இல் பிறப்பித்த கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. அப்படியிருந்தும் 'இது எங்கள் துறை இல்லை' என்ற பதில்தான் ஒவ்வொரு மேசையிலும் கிடைக்கிறது. கள்ளச் சரக்கு அடைக்கும் இடம் தெரிந்தால் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு நகல். மனு ரசீது கையில் வராமல் நகராதீர்கள். வாயால் சொன்ன புகார் எந்த அலுவலகத்திலும் புகார் ஆகாது. வாங்க மறுத்தால் ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்புங்கள்.

இனி தறிக்காரர்களுக்கு: ஜக்கார்டு பெட்டிக்கு நிறமில்லாத, மெல்லிய தையல் மெஷின் எண்ணெய் போதும். பாவை மூடிவிட்டு, துளித்துளியாக விட்டு, வழிந்ததைத் துணியால் துடைத்த பிறகே நெய்ய உட்காருங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசின் பிடிக்கும். வேஸ்ட் ஆயில் வேண்டவே வேண்டாம். இன்ஜின் சூட்டில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் அதில் சேர்ந்திருக்கும். கரையான் வராதிருக்கக் கதவு நிலையில் பூசுவதும், வெறும் கையால் அளைவதும் அன்றாடம் நடக்கிறது. கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு. அதை அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். புது ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று 2024 ஏப்ரல் முதல் விதி நடைமுறையில் இருக்கிறது. இருந்தும் தெருவோரப் பட்டறைகளில் அது மழைநீர்க் கால்வாயில் இறங்குகிறது. வேகவதி ஆற்றில் கலந்தால் அடுத்தது பாலாறு. கண்ணில் பட்டால் இடம், நேரம், படத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். நகலை மாநகராட்சி ஆணையருக்கு அனுப்புங்கள். இரண்டுக்கும் தனித்தனி ரசீது வாங்குங்கள்.