ஓடைக்கும் ஓர் எல்லை

மழை குறைவு என்பதையே மூலதனமாகக் கொண்டு வளர்ந்த பிரதேசம் சிவகாசி. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையே காணும் இக்கரிசல் பூமியின் வெயில், விவசாயியைச் சோதித்த போதிலும், 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாருக்கும் சண்முக நாடாருக்கும் அனுகூலமாகவே அமைந்தது. ஆனால் வறண்ட ஊருக்கு ஒரு மறதி உண்டு. ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கும் ஓடையை முதலில் வண்டித்தடம் என்றும், பிறகு குப்பை கொட்டும் இடம் என்றும், கடைசியில் வீட்டு மனை என்றும் ஜனங்கள் எண்ணத் தலைப்படுகிறார்கள். நின்ற நாராயணப் பெருமாள் குன்றின்மீது கோயில் கொண்டிருக்கும் திருத்தங்கல், 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. நகரம் விரிகிறபோது முதலில் விலைக்கு வருவது தாழ்ந்த நிலமே என்பதால், இந்த மறதிக்கு இனி விலை அதிகம்.

ஓடையின் நியாயத்தை அறியக் கண்மாயிலிருந்து தொடங்க வேண்டும். மேல்கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாய்ந்தால், அந்நீர் ஓடை வழியே கீழ்க்கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கும் கீழே. இவ்வட்டாரத்து ஓடைகள் பலவும் இப்படிப் படிப்படியாக இறங்கி அர்ச்சுனா நதியை அடைய, அந்நதி ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி அணைகளைக் கடந்து இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கிறது. சர்வே புலப்படத்தில் ஓடை என்று குறிக்கப்பட்டிருப்பது இந்நீர் சாதாரண நாளில் ஓடும் வழி மட்டுமே. பெருமழையன்று அது கரை புரண்டு பரவும் தாழ்நிலத்தை வெள்ளச் சமவெளி என்பார்கள். அதில் பெரும்பகுதி தனியாருடைய பட்டா நிலமாகவே இருக்கிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம், அரசின் பொறுப்பிலுள்ள நீர்நிலையின் எல்லைக்குள் நுழைந்தவரை வெளியேற்றும்; சட்டப்படி வாங்கிய பட்டா மனையில், வெள்ளம் வரும் வழியில் கட்டுகிறவரை அது தடுக்காது. நம்முடைய பெரிய குறை இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இங்கே அப்படி என்ன மழை பெய்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அண்டை மாவட்டமான தூத்துக்குடியும் வறண்ட சீமைதான். ஆயினும் அங்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகக் காணும் மழையைவிட அது அதிகம். நூறாண்டு வெள்ளம் என்று பொறியாளர்கள் சொல்வதும் நூறு வருஷத்துக்கு ஒருமுறை தவணை தவறாமல் வருவதன்று; எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு சாத்தியம் உள்ளது என்பதே பொருள். முப்பது வருஷக் கடனில் வீடு கட்டியவர், கடன் தீர்வதற்குள் அதைச் சந்திக்கும் சாத்தியம் நூற்றுக்கு 26.

அந்த வெள்ளத்தின் எல்லையை வரைவது எப்படி? பிரம்மபுத்திரை, கங்கை போன்ற மாநதிகளின் வெள்ளம் பல நாள் தேங்கி நிற்பதால், ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டே அஸ்ஸாமுக்கும் பீகாருக்கும் வெள்ள அபாய வரைபடத் தொகுதிகளைத் தயாரித்திருக்கிறது. நம் ஓடை வெள்ளமோ இரவில் வந்து விடிவதற்குள் வடிந்துவிடும். செயற்கைக்கோளின் பார்வையில் அது படுவதே அரிது. ஆகவே ஓடையை அளக்க மனிதனே ஓடைக்குள் இறங்கியாக வேண்டும். லெவல் கருவியும் அளவுகோலும் கொண்டு நிலத்தின் ஏற்றத்தாழ்வை எடுத்து, நீர்ப்பிடிப்பின் பரப்பையும் மழையின் அளவையும் ஓடையின் சரிவையும் சேர்த்துக் கணக்கிட்டு, எத்தனை கன அடி நீர் வரும், அது எந்த மட்டம் வரை ஏறும் என்று பொறியாளர் தீர்மானிப்பார். கணக்குக்குச் சாட்சியும் வேண்டுமே! வெள்ளம் வடிந்த மறுநாள் முள்வேலியில் இடுப்பளவு உயரத்தில் சிக்கிக்கிடக்கும் வைக்கோலும் கருவேலஞ் சுள்ளியும், சுண்ணாம்புச் சுவரில் நேர்கோடாகப் படிந்திருக்கும் சேற்றுக் கறையும், கலுங்கில் எந்தக் கல் வரைக்கும் தண்ணீர் ஏறிற்று என்று சொல்லக்கூடிய முதிய நீர்ப்பாய்ச்சியின் ஞாபகமும் அந்தச் சாட்சிகள். மழைக்கு மறுநாளே இவற்றைக் குறித்து வைக்காவிட்டால், அடுத்த வெள்ளையடிப்பில் கறை போய்விடும்.

படம் கிடைத்த பின் விதி வேண்டும். மத்திய நீர் ஆணையம் 1975-லேயே ஒரு மாதிரி மசோதாவை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. தொழிற்சாலை, மருத்துவமனை, மின்நிலையம் ஆகியவை நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே. குடியிருப்பும் அலுவலகமும் 25 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே. அடிக்கடி நீர் ஏறும் இடத்தில் பூங்காவும் விளையாட்டு மைதானமும் என்பது அதன் கிரமம். மணிப்பூர், ராஜஸ்தான் முதலிய மிகச் சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின.

சிவகாசிக்கு இந்த எண்ணம் புதிதே அன்று. பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் வேண்டுமானால், மருந்து அறைக்கும் கிட்டங்கிக்கும் இடையே, கிட்டங்கிக்கும் சாலைக்கும் இடையே இத்தனை மீட்டர் என்று பாதுகாப்பு இடைவெளியைப் படத்தில் காட்ட வேண்டும். அந்த இடைவெளி சொந்த நிலமேயானாலும் அதில் கட்டடம் எழுப்பக் கூடாது. தீக்கு அளித்த அந்த மரியாதையை நீருக்கும் அளிக்கலாமே! இரண்டும் அத்தனை தூரம் பிரிந்தவையும் அல்ல: அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானே சூடேறும் என்பதை இங்குள்ள போர்மேன்கள் அனைவரும் அறிவர். கிட்டங்கிக்குள் ஓடைநீர் புகுவது சாமான்ய அபாயமன்று.

ஓடையோரம் மனை வாங்கியவர் செய்யும் முதற்காரியம் நாலடி கிராவல் அடித்து மேடாக்குவது. அவர் வீடு தப்பும். ஆனால் அந்த இடத்தில் நிற்க வேண்டிய நீர் எங்கே போகும்? எதிர்க்கரையில் மேடாக்க வசதியில்லாதவன் வீட்டுக்குப் போகும். பாலமென்ற பெயரில் இரண்டு சிமெண்ட் குழாயைப் பதித்து மேலே ரோடு போடுவதும், நீரோட்டத்துக்குக் குறுக்கே காம்பவுண்டுச் சுவர் எழுப்புவதும் இதே அநியாயத்தைச் செய்கின்றன. வேறு போக்கிடமின்றி ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் ஏழையை மட்டும் புல்டோசர் கொண்டு அப்புறப்படுத்திவிட்டு, மேட்டைக் கட்டியவரை விட்டுவிடுவது தர்மமாகாது. மாற்று இடம் கொடுத்த பின்னரே அவர்களை எழுப்ப வேண்டும்.

மாநகராட்சியும் நகர் ஊரமைப்புத் துறையும் திருத்தங்கல் சுற்றுவட்டார ஓடைகள் ஒவ்வொன்றுக்கும் வெள்ளக்கோடு வரைந்து, எவரும் பார்க்கும்படி வைத்து, அக்கோட்டுக்குள் மேடாக்கும் மனைப்பிரிவுக்கு அனுமதி மறுக்க வேண்டும். அதுவரை, மனை வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் புலப்படத்தை வாங்கி, பக்கத்துச் சர்வே எண் ஓடையா, கண்மாயா என்று பாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்று, இங்கே தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள்.